கண்புரைச் சத்திரசிகிச்சையின் நடுவில் பை கிழிந்தால்

கேள்வி: வாப்பாவுக்கு வயது 70. கண்புரை எடுக்கும்போது 'பை கிழிந்துவிட்டது, வில்லையைப் பிறகு வைப்போம்' என்று டொக்டர் சொன்னார். பார்வை திரும்புமா? மற்றக் கண்ணையும் செய்யலாமா? – வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பெரும்பாலும் திரும்பும். வில்லையை அன்றே வைக்காததைப் பிழை என்று எடுக்காதீர்கள். பல வேளைகளில் அதுதான் நிதானமான முடிவு.

புரை இருக்கும் பையின் பின்சுவர் நடுவில் ஏறத்தாழ 4 மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிரின் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது கிழிந்தால் பின்னாலுள்ள கண்ணாடியுடனீர் (கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் தெளிந்த, கூழ் போன்ற பொருள்) முன்னுக்கு வரப் பார்க்கும். அந்த நேரத்தில் பதறிக் கருவியை வெளியே இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் சட்டென்று விழுந்து, சிறு கிழிசல் பெருங்கிழிசலாகும். அதனால் கருவியை அசையாமல் பிடித்து, பக்கத் துளையால் ஜெல் நிரப்பிய பிறகே எடுப்பார்கள். கண்ணாடியுடனீர் விழித்திரையோடு ஒட்டியது. பிடித்து இழுத்தால் விழித்திரையே கிழியலாம். வெட்டியபடியே உறிஞ்சும் கருவியால்தான் அகற்ற வேண்டும். நிறமில்லாத அது கண்ணுக்குத் தெரிய ட்ரையம்சினலோன் என்ற வெள்ளை மருந்தை விடுவார்கள். இழைகள் வெள்ளையாகத் தெரியும்.

பையின் முன்சுவர் நன்றாக இருந்தால் அதன்மேல் மூன்று துண்டு வில்லை (நடுவில்லையும் இரு பக்கக் கால்களும் தனித்தனியாகச் செய்து இணைத்தது) வைக்கலாம். வழமையான ஒற்றைத் துண்டு அக்ரிலிக் வில்லை அங்கே கதிராளியை (கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையத்தை) உராய்ந்து, அழற்சியும் கண்ணழுத்தமும் தரும். சரியான வில்லை கைவசம் இல்லையென்றால் காத்திருப்பதே நல்லது.

அடுத்த கிளினிக்கில் மறக்காமல் கேளுங்கள்: புரைத் துண்டு ஏதும் பின்னால் விழுந்ததா? விழுந்திருந்தால் ஓரிரு வாரத்துக்குள் விழித்திரை நிபுணர் எடுக்க வேண்டும். அங்கே கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும்வரை பதுளை, நுவரெலியாப் பக்கம் மலையேறக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும்.

வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். இரவென்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மற்றக் கண்ணைச் செய்யலாம். ஆனால் வாப்பா சிறுநீர் தடையின்றிப் போக டம்சுலோசின் குடிக்கிறாரா, முன்பு குடித்தாரா என்று டொக்டரிடம் முற்கூட்டியே சொல்லுங்கள். அது கதிராளியைத் தளர்த்திக் கண்மணியைச் சுருங்க வைக்கும். நிறுத்திய பின்னும் அந்தத் தளர்ச்சி முழுதாகப் போகாது. தெரிந்தால் அதற்கேற்ற மருந்தோடு தயாராக நிற்பார்கள். 'வேளாண்மை வெட்டு முடியட்டும்' என்று போகம் போகமாகத் தள்ளவும் வேண்டாம். புரை பழுப்பேறி இறுகினால், உடைக்கக் கூடுதல் சக்தி வேண்டும். பை கிழியும் ஆபத்தும் அங்கேதான் கூடுகிறது.