பேஸ்காரரின் பேர் என்ன?

இம்முறை பேஸ் கிற்றார் (பாட்டுக்குக் கீழே தடித்த கீழ்ச்சுரம் போடுகிற கிற்றார்) பற்றி வந்த கேள்விகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், கிரிக்கெட்டும் சமையலும் அடுத்த இதழில்.

திருவிழா மேடையில் பாடகருக்குக் கைதட்டு, டிரம்ஸ்காரருக்கு விசில், பேஸ் வாசிக்கிறவரை மட்டும் ஒருத்தரும் பார்ப்பதில்லை. உலகம் முழுக்க இப்படித்தானா? மதிப்புக் கிடைக்காமல் போன பேஸ் கலைஞர்களில் உங்கள் முதல் பேர் யார்?
*– வாசகர், கல்லடி*

உலகம் முழுக்க இப்படித்தான். முதல் பேர் ஜேம்ஸ் ஜேமர்சன், இதில் எனக்கு யோசனையே இல்லை. அறுபதுகளில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் என்ற கம்பனி ஒரு வீட்டை ஸ்டூடியோவாக்கி, அடுக்கடுக்காக ஹிட் பாட்டுகளை வெளியே விட்டது. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று பாடியவர்களின் பேர் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் வாசித்தது பெரும்பாலும் ஒரே கூட்டம், அந்தக் கூட்டத்தின் பேஸ் ஜேமர்சன். தட்டு உறையில் அவருடைய பேர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' வந்தபோதுதான் வாசித்தவர்களின் பேரை அச்சடித்தார்கள். அதற்குள் அவர் வாசித்த பாட்டுகள் ஊர் உலகமெல்லாம் சுற்றி முடிந்துவிட்டன.

என்ன அப்படிப் பெரிதாகச் செய்தார் என்று கேட்பீர்கள். அதுவரை பொப் பாட்டில் பேஸ் என்றால் பெரும்பாலும் ச, ப, ச, ப என்று மாறி மாறி இரண்டு சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்கிற வேலை. ஜேமர்சன் ஜாஸ் பக்கத்திலிருந்து, நிறுத்தி வைத்து வாசிக்கிற பெரிய டபுள் பேஸ் பழகி வந்தவர், அதனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் கிடக்கிற அரைச்சுரங்களையும் தொட்டு, அடி விழும் என்று நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டு, பாடுகிறவருக்குக் கீழே தனியாக இன்னொரு பாட்டையே நடத்திக்கொண்டு போவார். இத்தனையும் வலது கையின் ஒற்றை விரலால், சுட்டுவிரல் மட்டும்! அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பட்டப்பேர். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார், அழுக்கேறிய பழைய தந்தியில்தான் அந்த உருண்டையான சத்தம் வரும் என்பது அவருடைய கட்சி. நம்ம பொடியன்கள் மாதம் ஒரு செட் தந்திக்குக் காசு கொட்டுவதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

குடி அவரைத் தின்றது, அதையும் சொல்ல வேண்டும். 1983இல், தன் 47 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு, அவர் சாவதற்குச் சில மாதம் முன்பு, மோட்டவுனின் 25 ஆண்டு விழா தொலைக்காட்சிக்காக நடந்தபோது, அவர் கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் வாங்கி மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்வார்கள். ரொக் இசைக்கான 'ஹோல் ஒஃப் ஃபேம்' கௌரவம் 2000இல் வந்தது. செத்துப் பதினேழு வருடம் கழித்து.

பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த போல் மக்கார்ட்னி தனக்குப் பிடித்த பேஸ் வாசிப்பாளர் என்று சொன்னது இவரைத்தான். மக்கார்ட்னி பேஸுக்கு வந்த கதையும் வேடிக்கை: குழுவின் பேஸ்காரர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961இல் விலகிப் போக, மற்ற யாருக்கும் அந்த வேலையில் விருப்பம் இல்லை, கடைசியில் இவர் தலையில் வந்து விழுந்தது.

எங்கள் பக்கத்து இசைக்குழுக்களில் இப்போது பேஸ் கிற்றாரே இல்லாமல் போகிறது. கீபோர்ட்காரர் இடது கையால் சமாளித்துவிடுகிறார். இது சரியா அண்ணா?
*– வாசகர், களுவாஞ்சிக்குடி*

சரி பிழை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது தம்பி. டோர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவில் மேடைக்குப் பேஸ்காரரே கிடையாது, ரே மன்சாரெக் இடது கையால் தனியாக ஒரு சின்ன கீபோர்டில் பேஸையும் வலது கையால் ஓர்கனையும் வாசித்தார். ஆனால் அதே ஆட்கள் ரெக்கோர்டிங்குக்குப் போனதும் பல பாட்டுகளுக்குப் பேஸ் வாசிக்க வெளியாளைக் கூப்பிட்டார்கள். இதிலேயே உங்களுக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

நம்ம ஊர்க் கணக்கு வேறு. ஒரு ஆள் குறைந்தால் வான் வண்டியில் ஒரு இடம் மிச்சம், ஒரு சம்பளம் மிச்சம், ஒரு சாப்பாட்டுப் பார்சல் மிச்சம். குழு நடத்துகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு நேரத்தோடு போய், சவுண்ட்காரர் ஒவ்வொரு வாத்தியமாகச் சரிபார்க்கிறபோது நின்று பாருங்கள். கீபோர்ட் பேஸ் காதுக்கு வரும், சரியாகவும் இருக்கும். உண்மையான பேஸ் கிற்றாரில் ஒருவர் கீழ்த் தந்தியை இழுத்து விட்டால் பக்கத்துக் கச்சான் கடையின் தகரம் கிடுகிடுக்கும், கச்சான்காரி திரும்பிப் பார்ப்பா, நமக்கு நெஞ்சாங்கூட்டுக்குள் ஒரு தட்டுத் தட்டும். அதைவிட முக்கியமானது, விரல் தந்தியை விட்டு எழும்புகிற நேரம். பேஸ் சத்தம் எங்கே நிற்கிறது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது, வலது கையில் மெலடி வாசித்துக்கொண்டிருக்கிற மனுசனுக்கு அதைப் பார்க்க எங்கே நேரம்.

பெண்கள் யாரும் இல்லையா?
*– வாசகி, அக்கரைப்பற்று*

இருக்கிறார்கள் தங்கச்சி, அதுவும் எப்படிப்பட்டவர்! கேரல் கே. 1935இல் பிறந்தவர், ஜாஸ் கிளப்புகளில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு ரெக்கோர்டிங்குக்குப் பேஸ்காரர் வராமல் போக, இவரிடம் பேஸைக் கொடுத்தார்கள். அன்று கையில் எடுத்ததுதான். அதற்குப் பிறகு அவர் வாசித்த பதிவுகள் பத்தாயிரம் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். பீச் போய்ஸ் குழுவின் 1966 'பெட் சவுண்ட்ஸ்' தட்டில் பேஸ் வாசித்தவர்களில் இவரும் ஒருவர், ஆனால் படங்களில் கிற்றாரோடு சிரித்துக்கொண்டு நிற்பது வேறு ஆட்கள். ஜேமர்சன் போல விரலால் அல்ல, விரலிடையில் பிடிக்கிற சின்னத் தகடான பிளெக்ட்ரத்தால் தட்டுவார், அதனால் சத்தம் 'டக்' என்று கூர்மையாக வரும். 2025இல் அதே ஹோல் ஒஃப் ஃபேம் இவரையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் அவர் மேல் மரியாதை இன்னும் கூடியது.

இந்தப் பக்கம் மும்பையின் மோகினி டே. ரஹ்மானோடு மேடைகளில் வாசித்தவர். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், சிலவேளை வேகம் கொஞ்சம் குறைந்தால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றும்.

போனில் பாட்டுக் கேட்கிறேன். நீங்கள் எல்லாம் சொல்கிற பேஸ் எனக்குக் கேட்கவே இல்லை. காதில் கோளாறா?
*– மாணவர், செங்கலடி*

காதில் ஒன்றும் இல்லை, போனில்தான். நாலு தந்திப் பேஸ் கிற்றாரின் ஆகக் கீழ்த் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. நகத்தளவு போன் ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. அப்படியும் ஏதோ பேஸ் இருக்கிற மாதிரி தெரிகிறதென்றால், அந்தச் சுரத்தின் மேல்மட்ட அதிர்வுகளைக் கேட்டு மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. காதுக்குள் நன்றாகப் பொருந்துகிற இயர்போன் ஒன்று போதும், விலை கூடியது தேவையில்லை. பஸ்ஸில் மட்டும் வேண்டாம், எஞ்சின் சத்தமும் அதே கீழ்மட்டத்தில் ஓடுவதால் பேஸை முழுங்கிவிடும்.

இளையராஜா பாட்டுகளில் பேஸ் வாசித்தது யார்? ஏன் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை?
*– வாசகர், காரைதீவு*

யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகளாரின் ஊரிலிருந்து தந்தி வாத்தியக் கேள்வி வராமல் வேறு எங்கிருந்து வரும். ராஜாவிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று தானே எழுதிக் கொடுப்பவர், ஆகவே பேஸ் எப்படிப் போக வேண்டும் என்ற கற்பனைக்குப் பாராட்டு ராஜாவுக்குப் போய்விடுகிறது, அது நியாயமும்கூட. ஆனால் தாளில் இருக்கிற புள்ளிகள் தானாக ஆடாது. எந்தச் சுரத்தை நீட்டுவது, எதை அமுக்கிப் பிடிப்பது என்பது விரலின் வேலை.

1982இல் வந்த 'இளைய நிலா பொழிகிறதே' எல்லோருக்கும் அந்தக் கிற்றாருக்காகத்தான் பிடிக்கும், எனக்கும்தான். இன்றைக்கு ஒருதரம் கிற்றாரை விட்டுவிட்டு அதற்குக் கீழே மட்டும் கேளுங்கள். எஸ்.பி.பி. ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் பேஸ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள், பிறகு அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க உங்களால் முடியாது.

ரஹ்மான் பக்கம் கீத் பீட்டர்ஸ், சென்னைக்காரர். ரஹ்மானின் இசைத்தட்டு உறைகளில் வாசித்தவர்களின் பேரும் வந்ததால் இவரைக் கொஞ்சப் பேருக்காவது தெரியும். நாம் கசட்டில் பாட்டு அடித்துக் கேட்ட காலத்தில் எந்த உறையைப் பார்த்தோம், கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்த படப்பேர் மட்டும்தான்.

அறுகம்பே கடைகளில் நாள் முழுக்க பொப் மார்லி போகிறது. அந்தப் பேஸ் யாருடையது?
*– வாசகர், பொத்துவில்*

அஸ்டன் பாரெட். 'ஃபேமிலி மேன்' என்று பட்டப்பேர். டிரம்ஸ் அவருடைய தம்பி கார்ல்டன். மார்லி பாடிய ரெகே இசையில் கிற்றார் வெறும் 'சக், சக்' என்று வெட்டிக்கொண்டு நிற்க, பாட்டின் மெட்டையே பேஸ்தான் தூக்கிக்கொண்டு போகும், அதிலும் பாரெட் நிறைய இடத்தைச் சும்மா விட்டுவிட்டு வாசிப்பார். மார்லி 1981இல் போன பிறகு, தங்களுக்குச் சேர வேண்டிய ரோயல்டி வரவில்லை என்று பாரெட் லண்டனில் வழக்குப் போட்டார், 2006இல் தோற்றார். 2024 பெப்ரவரியில் காலமானார். கடையில் பாட்டுப் போடுகிற பொடியனிடம் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள், சுவரில் மார்லி படம் பெரிதாக இருக்கும், பாரெட்டைத் தெரியாது.

பைலாவுக்கு பேஸ் முக்கியமா?
*– வாசகர், மட்டக்களப்பு நகர்*

நம்ம பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் வயலினோடு தொடங்கினால் பேஸ் இல்லாமலே கால் ஆடும். மைக் வைத்து, டிரம்ஸ் வைத்து பைலா போட்டால் பேஸ் இல்லாமல் ஆடாது.

மகன் பேஸ் கிற்றார் கேட்கிறான். நாலு தந்திதானே, லேசு என்கிறான். உண்மையா?
*– தாய், கல்முனை*

தொடங்குவதற்கு லேசுதான் அக்கா, ஒரு வாரத்தில் ஒரு பாட்டுக்குக் கூட நின்று தட்டிவிடலாம். ஆனால் தந்தி தடிப்பு, தந்தியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம், சாதாரண கிற்றாரில் அது இருபத்தைந்து சொச்சம்தான், ஆகவே சின்னக் கைக்கு முதல் மாதம் விரல் நோகும். பத்துப் பன்னிரண்டு வயது என்றால் 30 அங்குலத்தில் குட்டைப் பேஸ் வருகிறது, அதைத் தேடுங்கள். புதிது வேண்டாம், பழையது நல்லதாகக் கிடைக்கும். வாங்கும்போது கழுத்து வளைந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அம்ப்ளிஃபயருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள், வீட்டு ரேடியோவில் மாட்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும், பிறகு அதற்கு வேறு செலவு. அப்புறம், டிரம்ஸ் பழகுகிற ஒரு கூட்டாளியை அவனுக்குப் பிடித்துக் கொடுங்கள். தனியாக அறைக்குள் இருந்து பழகின பேஸ்காரனை மேடைக்கு எடுக்க எந்தக் குழுவும் யோசிக்கும்.