பாபுவை ஏன் திட்டுகிறீர்கள்?

போன இதழில் ‘பிடித்த நாவலைப் பற்றி யாரிடம் பேசுவீர்கள்?’ என்று போகிறபோக்கில் ஒரு வரி கேட்டிருந்தேன். கடிதமும் மின்னஞ்சலுமாகக் குவிந்துவிட்டன. பாதிப்பேர் பேச ஆளே இல்லை என்கிறார்கள், மீதிப்பேர் பேசப்போய் வீட்டில் சண்டை என்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுக்க இவர்களுக்குத்தான். அரசியல், சினிமா கேள்வி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: ஒரு நாவலைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ‘செம’, ‘அருமை’ என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. விமர்சகர்கள் மாதிரிப் பேசத் தெரியவில்லையே? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

விமர்சகர்கள் மாதிரி எதற்கு? அதற்குத்தான் அவர்களே இருக்கிறார்களே. படித்துக்கொண்டு போகும்போது எந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள், போதும். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ பற்றி என் நண்பர் ஒருவர் கருத்தென்று எதுவுமே சொல்லவில்லை. ‘தண்ணீர் குடிக்க இறங்கின கர்ப்பிணிப் பொண்ணை நகைக்காக ஒருத்தன் தண்ணிக்குள்ள அமுக்குறான், அவ அவன் கால் பெருவிரலைப் பல்லால கவ்விக்கிறா, உயிர் போன பிறகும் பிடி விடலை’ என்றார், டீயைக் குடித்தார், கிளம்பிவிட்டார். நான் அன்றைக்கே புத்தகக் கடைக்குப் போனேன். ‘மண்வாசனை மிக்க படைப்பு’ என்று அவர் ஆரம்பித்திருந்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

கேள்வி: தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ எனக்கு உயிர். என் மாப்பிள்ளையோ, ‘பாபு ஒரு உருப்படாதவன், அறுநூறு பக்கத்துக்குப் புலம்புகிறான்’ என்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி இதே சண்டை. யார் பக்கம் நியாயம்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

உங்கள் ஊர்க் கதை, உங்கள் துக்காம்பாளையத் தெரு, நீங்கள் வேறெப்படிச் சொல்வீர்கள்! ஆனால் சார், மாப்பிள்ளை சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நினைத்துக்கொண்டே வருஷக்கணக்காகத் திரிகிறவன், நடுவில் அடுத்த வீட்டுத் தங்கம்மா விஷயத்தில் நடந்துகொண்டது சரியா? அந்தப் பெண் செத்தே போகிறாள். இவனுக்கு அது ஒரு குற்ற உணர்ச்சி, அவ்வளவுதான், கதை மேலே போய்விடுகிறது. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது, பாபுவைத் திட்டுகிறவர்களிடம் அதனால் எனக்குக் கோபம் வருவதில்லை. அதே சமயம், ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பக்கங்களை எழுதிய கைக்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்றும் தோன்றுகிறது. கடைசியில் யமுனா பாபுவிடம் கேட்கும் அந்தக் கேள்வி இருக்கிறதே, படித்தவர்களுக்குத் தெரியும், அதைப் பற்றி மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று இந்தத் தீபாவளிக்குக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லத் திணறினால் அவர் நாவலை ஒழுங்காகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று. ஒரு கிளை நூலகத்தில் இந்த நாவலின் பழைய பிரதி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் பென்சிலால் ‘இவனுக்கு வேலை வெட்டி இல்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நீல மையில், வேறு கையெழுத்தில், ‘உங்களுக்கு இருந்தால் போய்ப் பாருங்கள்’. நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான், சரி, ஆனால் அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த நூலகருக்கும் வரவில்லை போலிருக்கிறது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வாட்ஸ்ஆப் வாசகர் குழு நடத்துகிறோம். ஒருவர் எல்லா நாவலுக்கும் முடிவை முன்கூட்டியே போட்டு உடைத்துவிடுகிறார். அவரை நீக்கிவிடலாமா? (இல்லத்தரசி, ஈரோடு)

துப்பறியும் கதை என்றால் தயங்காமல் நீக்கிவிடுங்கள். மற்றபடி முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற நாவலை நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள்? அருள்மொழி பின்னால் ராஜராஜன் ஆகப்போகிறான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இருந்தும் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் ராத்திரி கண் விழித்துப் படிக்கவில்லையா? போதாததற்கு அதில் முடிவு என்று ஒன்று இருக்கிறதா என்பதே பெரிய வழக்கு. 1950-இல் தொடங்கி 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த தொடர் அது. முடிந்ததும், இப்படித் திடுதிப்பென்று நிறுத்திவிட்டீர்களே, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். நாவலை எழுதிய கல்கி முடிவுரை என்று தனியாக ஒன்று எழுதி, அந்தக் கேள்விகளையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சமூகக் கதையென்றால் எல்லோரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று முடித்துவிடலாம், சரித்திரக் கதையை அப்படி மூட முடியாது என்பது அவர் தரப்பு. நியாயமான வாதம்தான், ஆனால் வாசகர்கள் விட்டார்களா? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்னும் சண்டை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர் வெட்டியிருக்கிறது. கல்வெட்டே சொன்னாலும் நாவலில் வரும் நந்தினியை விட்டுவிட நம் ஆட்களுக்கு மனசில்லை.

கேள்வி: வாசகர் கருத்தால் ஒரு நாவல் மாறியிருக்கிறதா? இல்லை, நாம் பேசுவதெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

மாறுவது என்ன, வாசகர் சண்டையால் ஒரு நாவல் பிறந்தே இருக்கிறது. 1966-இல் ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் பேருந்துக்கு நிற்கும் கல்லூரிப் பெண், காரில் ஏற்றிக்கொண்டு போகும் முகம் தெரியாத ஒருவன், நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சொன்ன பெண்ணை அம்மா முதலில் அடித்து அழுது, அப்புறம் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. கிளம்பியது பாருங்கள் ஒரு ரகளை! பத்திரிகைக்குக் கடிதம், பதிலுக்கு வேறு கதைகள், ‘எந்தத் தாய் இப்படிச் செய்வாள்’ என்ற கேள்வி.

சரி, செய்யமாட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போது அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஜெயகாந்தன் எழுத உட்கார்ந்தார். ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆனது அதுதான், 1972-இல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கியது. நாவலில் அம்மா ஊரைக் கூட்டி அலறுகிறாள், அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், அந்தப் பெண், கங்கா, யாருடைய தயவிலோ படித்து வேலைக்குப் போகிறாள். இதில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு, நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்று ஒரு எழுத்தாளர் இருப்பது. அந்தச் சிறுகதையை எழுதியது அவர்தான். வருஷங்கள் கழித்து அம்மா அதைப் படித்துவிட்டு, கதையில் வரும் தாய் செய்ததை நாம் செய்யவில்லையே என்று அழுகிறாள். திட்டிக் கடிதம் எழுதினவர்களுக்கு இதைவிட நல்ல பதில் யாரால் கொடுக்க முடியும்? சண்டை அதோடும் முடியவில்லை, ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவலும் எழுதினார். அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கங்காவை முதல் நாவல் விட்ட இடத்திலேயே விட்டிருக்கலாம் என்பது என் கட்சி, எதிர்க்கட்சிக்காரர்கள் எழுதலாம்.

கேள்வி: எல்லோரும் கொண்டாடும் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லலாமா? (வங்கி ஊழியர், சேலம்)

தாராளமாக. எங்கே, ஏன் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான் நிபந்தனை. பிடிக்காததைச் சொல்வது வேறு, யாரும் படிக்கக்கூடாது என்பது வேறு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது, நாலு வருஷம் கழித்துக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைமைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் தூக்கிப் போடலாமே என்கிற பொருளில் தீர்ப்பு சொன்னது. இந்தக் கூச்சலில் நாவலைப் பற்றிப் பேச வேண்டியதை யாரும் பேசவில்லை என்பதுதான் என் வருத்தம். பிள்ளையில்லாத தம்பதியின் கதை அது. திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த மனைவி பொன்னா, உடைந்து போன கணவன் காளி, அப்புறம் என்ன ஆகும் என்று தொங்கலில் விட்டவர், அதற்கு இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாய’னில் காளி செத்துப்போகிறான், ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொள்கிறான். வாசகர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டோம், சமாதானம் இன்னும் ஆகவில்லை.

கேள்வி: ‘அசுரன்’ படம் பார்த்தாச்சு. அதற்கு மூலமான ‘வெக்கை’ நாவலைத் தனியாகப் படிக்க வேண்டுமா? (மாணவர், விருதுநகர்)

வேண்டும். படத்தில் அப்பா ஹீரோ, பூமணியின் நாவலில் பையன்தான் நடு. கையை மட்டும் வெட்ட நினைத்துப் போய் ஆளையே முடித்துவிட்டு ஓடுகிற பதினைந்து வயசுப் பையன். அப்பாவும் பிள்ளையுமாக ஒளிந்து திரிகிற நாள்களில் எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று பூமணி பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போவார். உங்கள் பக்கத்துக் கரிசல்காட்டுப் பேச்சு வேறு. படத்தைப் பார்த்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், வாக்குவாதம் நன்றாக வரும்.

கேள்வி: பள்ளிக்கூடத்தோடு தமிழ் வாசிப்பு நின்றுபோனது. மறுபடி தொடங்க ஒரே ஒரு நாவல் சொல்லுங்கள், தடியாக வேண்டாம். (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி)

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. இரண்டு மூன்று உட்காரலில் முடிந்துவிடும், அகராதி தேவைப்படாது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், சினிமா ஆசையில் ஏமாந்துகொண்டே இருக்கும் ஜமுனா, அவள் மேல் கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடும் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. அந்த டீச்சரம்மா தன் கதையை ஜமுனாவிடம் சொல்லும் இடம் வந்ததும் நிறுத்தி, சாயா செய்தது சரியா என்று உங்கள் தங்கையையோ தோழியையோ கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.