வயசுக் கோளாறா, வேறு ஏதாவதா? வளரிளம் பிள்ளைகள் பற்றிக் கேள்வி பதில்

பள்ளி ஆலோசகராக 18 ஆண்டுகள் இருந்திருக்கிறேன், பெரும்பாலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு. நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். மற்றபடி தயங்காமல் கேளுங்கள்.

ஒரு அப்பா, நாமக்கல்: பையன் பிளஸ் ஒன். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்கிறார்கள். காத்திருக்கலாமா டீச்சர்?

கதவைச் சாத்துவது வயசுதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். அடுத்த வீட்டுப் பையனை விடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் இருந்த உங்கள் பையனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களிடம் கத்திவிட்டு, வாசலில் நண்பன் விசிலடித்ததும் சிரித்துக்கொண்டே ஓடுகிறான் என்றால் பெரும்பாலும் வயசு. நண்பனும் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம், சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வு என்றதும் அழுகையை எதிர்பார்க்கிறோம். இந்த வயதில் அது பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒரு அம்மா: மகள் இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை. போன்தான் காரணமா?

போனுக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டிய பிள்ளையை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பினால் எப்படி? முதலில் அந்த டியூஷனைப் பாருங்கள்.

ஒரு அம்மா, விருதுநகர்: ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. நடிக்கிறாளா?

இல்லம்மா. மனசு தாங்காததை வயிறு சொல்லும், வலி நிஜம். பள்ளிக்கூடத்தில் என்ன, போகிற வழியில் என்ன, பஸ்ஸில் யார், டியூஷனில் யார் என்று மெதுவாகக் கேளுங்கள். யாராவது தொட்டிருந்தால், "நீ ஏன் அப்பவே சொல்லலை?" என்பது மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு 1098-ஐக் கூப்பிடுங்கள். சிறுவர் உதவி எண் அது.

பெயர் வேண்டாம் என்றவர்: மகன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று எழுதியிருக்கிறான். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடுமோ?

ஆகாது. இன்றைக்கே கேளுங்கள், சுற்றி வளைக்காமல்: "சாகணும்னு தோணுதா கண்ணா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஏற்கெனவே அதைத் தனியாகச் சுமக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். "ஆமா" என்று சொன்னால் அழாமல், அதட்டாமல், "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று ஆரம்பிக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அன்று அவனைத் தனியே விட வேண்டாம். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அன்றே மனநலப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். ஆபத்து கண்ணெதிரே என்றால் போனெல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பலர் ஒளிக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை.

ஒரு பையன் ஞாபகம் வருகிறான். புறா வளர்த்தவன். மார்க் குறைந்ததை அப்பா கவனித்தார், தட்டில் சோறு மிஞ்சியதை அம்மா கவனித்தார். புறாக்களை எல்லாம் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான் என்று வந்து சொன்னது தங்கச்சி. உயிராக வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுப்பது மிகப் பெரிய அறிகுறி. அவள் சொன்னதால் நேரத்தோடு பிடித்தோம்.

கல்லூரி விடுதியில் இருக்கும் அக்கா: தம்பி என்னிடம் மட்டும் பேசுகிறான். அப்பாவிடம் சொல்லாதே என்கிறான்.

காதல், சிகரெட், அரியர் என்றால் ரகசியம் காப்பாற்று. உயிர் சம்பந்தப்பட்டது என்றால் முடியாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் சொல்லாதே. "இதை நான் அம்மாகிட்டச் சொல்லப்போறேன், நீயும் கூட இரு" என்று அவனிடம் முதலில் சொல்லிவிடு.

ஒரு தாத்தா: டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். பேரன் அதற்கு அடிமையாகிவிட மாட்டானா? கோயிலில் மந்திரித்தோம்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதையாகப் பிடித்துக்கொள்கிறவை அல்ல ஐயா. வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும், அதனால் நான்கு நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக ஆன பிறகும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் படபடப்போ, சாவுப் பேச்சோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, திருநீறும் இருக்கட்டும் மாத்திரையும் இருக்கட்டும். அடித்துப் பேய் ஓட்டுகிறவர்களிடம் மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

மறுபடியும் நாமக்கல் அப்பா: பேசலாம் என்று எதிரே உட்கார்ந்தாலே எழுந்துபோகிறான் டீச்சர்.

எதிரே உட்காராதீர்கள். எதிரே உட்கார்ந்தால் அது விசாரணை. வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பையன்களுக்கு வாய் வரும். மார்க்கைப் பற்றி வேண்டாம். "கொஞ்ச நாளா நீ சரியில்லாத மாதிரி தெரியுது, நான் இருக்கேன்டா" என்றால் போதும், அப்புறம் டீயைக் குடியுங்கள்.

அதற்கும் பதில் சொல்லாவிட்டால்?

நாளைக்கும் டீக்கடைக்குப் போங்கள். ஒரு வாரம் பார்த்தும் மாறவில்லை என்றால் என்னைப் போன்ற ஒருவரிடம் கூட்டிவாருங்கள், வெளியே பெஞ்சில் நீங்கள் காத்திருக்கலாம்.