ஓட்டே இல்லாத மாநிலங்களவைத் தலைவருக்கு அப்படி என்ன அதிகாரம்?

ஓட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மற்றவர்களோடு சேர்ந்து போட முடியாது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டும் தலைவரின் ஓட்டு முடிவு செய்யும் என்கிறது அரசியலமைப்பின் 100-வது பிரிவு. அமெரிக்க செனட்டில் இந்த ஓட்டுக்கு ஏக மவுசு. கமலா ஹாரிஸ் துணை அதிபராக இருந்த 4 ஆண்டுகளில் 33 முறை போட்டார். நம் மாநிலங்களவையில் அதற்கு வேலை வருவதே அபூர்வம்.

குடியரசுத் துணைத் தலைவர்தான் இந்த அவையின் தலைவர். இப்போது திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன். வேடிக்கை என்னவென்றால், குடியரசுத் துணைத் தலைவர் பதவிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. அவைத் தலைவர் என்பதற்காகத்தான் சம்பளம்.

சரி, அதிகாரம் எங்கே இருக்கிறது? எதை அவைக்குள் விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதில். 2018 ஏப்ரலில் அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவைப் பதவி நீக்கக் கோரி, பதவியில் இருந்த 64 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். சட்டப்படி 50 கையெழுத்தே போதும். மூன்றே நாளில் அப்போதைய அவைத் தலைவர் வெங்கையா நாயுடு அதை நிராகரித்தார். விசாரணைக் குழுவும் இல்லை, விவாதமும் இல்லை. அன்றைய அலுவலை ஒதுக்கிவிட்டு அவசரப் பிரச்சினையை எடுக்கச் சொல்லும் 267-வது விதி நோட்டீஸ்களுக்கும் அண்மைக் காலத்தில் அநேகமாக இதே கதிதான்.

அடுத்தது, என் பார்வையில் இதைவிடப் பெரியது, குரல் வாக்கெடுப்பு. 'ஆம்' என்ற சத்தம் பெரிதா, 'இல்லை' என்ற சத்தம் பெரிதா என்று சொல்வது நாற்காலியில் இருப்பவர்தான். அதை ஓர் உறுப்பினர் ஏற்காமல் டிவிஷன் கேட்டால் ஓட்டுகளை எண்ண வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் வந்தபோது நாற்காலியில் இருந்தவர் மாநிலங்களவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ். டிவிஷன் கேட்டோம் என்றது எதிர்க்கட்சி. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்றார் அவர். மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின, மறுநாள் 8 உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். எண்ணியிருந்தால் அரசு தோற்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயிக்கிற பலம் இருந்தால் எண்ணிவிட்டுப் போவதில் என்ன நஷ்டம் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கட்சித் தாவல் வழக்குகளில் அவைத் தலைவரே நீதிபதி. எதிர்க்கட்சிப் பேரணியில் கலந்துகொண்ட ஐக்கிய ஜனதா தள உறுப்பினர் சரத் யாதவின் பதவியை 2017 டிசம்பரில் பறித்தது வெங்கையா நாயுடுவின் உத்தரவு. மனு வந்து சுமார் மூன்று மாதத்தில் முடிவு; பல மாநிலச் சபாநாயகர்கள் வருடக்கணக்கில் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வேகம். வேகமோ தாமதமோ, எல்லாம் அவர் கையில், ஏனென்றால் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் காலக்கெடு எதுவும் இல்லை.

மக்களவை சபாநாயகருக்கு இருந்து இவருக்கு இல்லாதவையும் உண்டு. எது பண மசோதா என்று முடிவு செய்பவர் சபாநாயகர். இரு அவைகளும் கூட்டாக அமர்ந்தாலும் தலைமை அவருக்கே.

'மாநிலங்களவைத் தலைவரை நீக்க முடியாதா?' என்று அடுத்து கேட்பீர்கள். முடியும், ஆனால் லேசில் நடக்காது. 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், மாநிலங்களவையின் அன்றைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், அப்புறம் மக்களவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் அப்போதைய அவைத் தலைவர் ஜக்தீப் தன்கருக்கு எதிராக 60 உறுப்பினர்கள் கொடுத்த நோட்டீஸை ஹரிவன்ஷ் நிராகரித்துவிட்டார். அவர் ஏற்று, மாநிலங்களவையில் எப்படியோ ஜெயித்திருந்தாலும், மக்களவையில் எதிர்க்கட்சிக்கு அதற்கான எண்ணிக்கை இல்லை.