இரண்டாவது பேட்டரிக்கு இப்போது அவசரம் இல்லை, அண்ணாச்சி

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு தங்கிப் போகிற மாதிரி கேரவனாக மாற்றியிருக்கிறோம். மேலே 165 வாட் சோலார் பேனல் இரண்டு. உள்ளே 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, இன்வர்ட்டர், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், சுவர் ஃபேன், கெட்டில், வெந்நீருக்கு ஹீட்டர் ராடு. கோடையில் பிரச்சினையே இல்லை. ஐப்பசி பிறந்தால் விடியற்காலையில் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது. இன்னொரு பேட்டரி போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்களுக்குக் குறைவது சேமிக்கிற இடம் இல்லை, வரவு.

கணக்கை வீட்டு மீட்டரில் பார்க்கிற யூனிட்டிலேயே போடுவோம். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி), 12 வோல்ட் பேட்டரியில் முழுசாக இருப்பது 1.8 யூனிட். டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது 0.9 யூனிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேனல் இரண்டும் நல்ல வெயில் அடிக்கிற மார்கழி நாளில் ஏறக்குறைய ஒரு யூனிட் தரும். அடைமழை நாளில் 0.2 யூனிட் வந்தாலே பெரிய விஷயம். டிசம்பரில் நம் ஊரில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்க வைத்த பேனலுக்கு அதனாலேயே உச்சி நேரத்தில் 15 சதவீதம் போய்விடும். ஆனால் அதைவிடப் பெரிய திருடன் வடகிழக்குப் பருவமழை மேகம்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கொட்டிய மாதிரி மழை பிடித்தால் எத்தனை பேனல் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இனி செலவு. ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் ஒரு நாளுக்கு 0.4. சாதாரண 50 வாட் சுவர் ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இன்னொரு 0.4. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 0.15-ஐத் தாண்டாது, அதை விட்டுவிடுங்கள். யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு: இன்வர்ட்டர். எதுவும் ஓடாவிட்டாலும், சுவிட்ச் ஆன் ஆகிக் கிடந்தாலே பல இன்வர்ட்டர்கள் 15 வாட் அளவுக்குத் தின்னும். 24 மணி நேரத்தில் 0.36 யூனிட், கிட்டத்தட்ட உங்கள் ஃப்ரிட்ஜ் தின்கிற அளவு! போன் சார்ஜருக்காக நாள் முழுக்க அதை ஆனிலேயே வைத்திருக்கிறோம்.

அப்புறம் வெந்நீர். ஒரு பக்கெட், அதாவது 15 லிட்டர் தண்ணீரை 24 டிகிரியில் இருந்து குளிக்கிற சூடான 40 டிகிரிக்கு ஏற்ற 0.28 யூனிட் வேண்டும். ஒரு ஆள் குளித்தாலே, பேட்டரியில் நீங்கள் எடுக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு காலி. போதாததற்கு, 1500 வாட் ராடு 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் வோல்டேஜ் சரிந்து, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே இன்வர்ட்டர் கத்தும். கெட்டிலும் அதே கதைதான். சூடு பண்ணுகிற வேலை அத்தனையையும் கேஸ் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். கோடையில் உங்களுக்குப் பிரச்சினை வராததற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை, அப்போது வெந்நீர் கேட்க ஆள் இல்லை என்பதும்தான்.

சுவர் ஃபேனைக் கழற்றிவிட்டு 15 வாட் 12 வோல்ட் ஃபேன் போடுங்கள். போனுக்கு 12 வோல்ட் யூஎஸ்பி சாக்கெட் வைத்து, இன்வர்ட்டரை அணைத்துவிடுங்கள். ஒரு நாள் செலவு 0.7 யூனிட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டாவது பேட்டரி போட்டால் என்ன ஆகும்? அதே 0.2 யூனிட் வரவை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டுமே முழு சார்ஜைப் பார்க்காது. உங்கள் டியூபுலரும் லெட் ஆசிட் வகைதான்; அரைகுறை சார்ஜில் கிடந்தால் அந்த வகை பேட்டரியில் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஒன்றுக்கு இரண்டாகக் கெடும், அவ்வளவுதான். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் வண்டி ஓடும்போது என்ஜின் பக்கத்து பேட்டரியில் இருந்து உள் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் வாங்குங்கள். 20 ஆம்பியர் உங்கள் பேட்டரிக்குப் போதும். பாபநாசத்தில் இருந்து நெல்லைக்கு ஒரு தடவை வந்தாலே கால் யூனிட்டுக்கு மேல் ஏறியிருக்கும், வானம் எப்படி இருந்தாலும். வயர் மட்டும் தடிமனாக இருக்கட்டும். வயரின் இரண்டு முனையிலும், அந்தந்த பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஃபியூஸ் கட்டாயம். நிறுத்தின இடத்தில் என்ஜினை ஓடவிட்டு சார்ஜ் போடுவது டீசலுக்குத் தண்டம், புகையும் வண்டிக்குள் வரும்.

வண்டி நிறுத்தும் இடத்தையும் கவனியுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரத்தில் மேற்கே மலை நிற்பதால் சாயங்கால வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். காலை வெயில்தான் உங்களுக்குச் சம்பாத்தியம். கிழக்கும் தெற்கும் திறந்த இடமாகப் பாருங்கள். ஆற்றங்கரை மருத மரத்து நிழல் நமக்கு சுகம், பேனலுக்கு ஆகாது. ஒரு கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்தப் பேனலின் வரவு பாதிக்கும் கீழே போய்விடலாம். மார்கழிக் காலையில் பேனல் மேல் பனி முத்து முத்தாக நிற்கும். அந்த ஈரத்தோடேயே பழைய வேட்டித் துணியால் ஒரு துடை துடைத்தால், படிந்த புழுதியும் சேர்ந்து வந்துவிடும்.

சின்னக் காற்றாடி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நம் பக்கத்துக் காற்று ஆனி, ஆடிக்கு உரியது. உங்களுக்குக் கரண்ட் வேண்டியது கார்த்திகை, மார்கழியில்.

வீட்டில் நிற்கும் நாட்களில் சார்ஜரை மாட்டி ராத்திரி முழுக்க ஏற்றிவிடுங்கள். வெளியே லாட்ஜிலோ தெரிந்தவர் வீட்டிலோ பிளக் கேட்டு வாங்கினால், எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடி வைத்தால் சூடேறும், முழுக்க விரித்துப் போடுங்கள்.

காலையில் எதையும் போடும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பாதிக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். டியூபுலருக்கு டிஸ்டில்ட் வாட்டர் அளவும், வாயு வெளியேற வெளிப்பக்கம் வழியும் இருக்கிறதா பாருங்கள். கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். மழைக்குளிர் என்று குளிர்காய அதைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். குளிருக்குப் போர்வை போதும்.