இரண்டு சிசேரியனுக்குப் பிறகு தொங்கும் வயிறு: மினி டக் போதுமா?

சகோதரி, தொப்புளுக்கு மேலேயும் சதை தொங்குகிறது, படுத்துத் தலையைத் தூக்கினால் நடுவில் மூன்று விரல் இறங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கலாம்; மினி டக், அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் சின்ன அறுவை சிகிச்சை, பாதி வேலைதான். அது பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே மட்டும் சரிசெய்யும். லைப்போசக்‌ஷன் கொழுப்பை எடுக்கும், விலகிய தசையைச் சேர்க்காது. உங்களுக்கு முழு டம்மி டக்தான் பொருந்தும்: இடுப்பெலும்புக்கு இடுப்பெலும்பு வெட்டு, நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தசையை இழுத்துத் தையல், தொப்புளுக்குப் புது இடம். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டும் தோலோடு போய்விடும். குடலிறக்கம் இருக்கிறதா என்று முன்பே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் வாரம் கூன் போட்டுத்தான் நடப்பீர்கள். நிமிர அவசரப்படாதீர்கள், தையல் இழுபடும். முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுங்கள். உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் ட்ரெயின் குழாயில் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் பொதுவாக எடுப்பார்கள். சீக்கிரம் எடுத்தால் உள்ளே நீர் கோக்கும். அசைந்தால் தண்ணீர்ப் பைபோலத் தளும்பும். டாக்டர் ஊசியால் உறிஞ்சிவிடுவார்.

மேசை வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆறு வாரம் வயிற்றில் பெல்ட் போட வேண்டும், கனம் தூக்கக் கூடாது. சின்னக் குழந்தை இருந்தால் தூக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி குறியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவு. ரத்தக் கட்டியாக இருக்கலாம்.