பரணில் கிடைத்த சீசன் டிக்கெட்

இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களுக்குச் சிறுவயதில் சீசன் டிக்கெட்டோடு (ஓர் ஆண்டின் சொந்த மைதான ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்குவது) போனவர்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் வெஸ்ட் ஹாம் கிளப்பின் சிறுவர் சீசன் டிக்கெட் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, ஆண்டும் தெரியவில்லை. சீட்டுகள் கிழிக்கப்பட்டு அடிக்கட்டைகள் மட்டும் இருக்கின்றன. லீக் ஆட்டங்களுக்கு 1 முதல் 23 வரை எண். கடைசியில் எண் இல்லாமல் எழுத்துப் போட்ட சில சீட்டுகள். எந்த ஆண்டினுடையது என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பெருமளவு முடியும். நீங்கள் சொன்ன 23 என்ற எண்ணே போதிய தடயம்.

ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு தன் மைதானத்தில் ஒருமுறை ஆடும். ஆகவே ஒரு பிரிவில் எத்தனை அணிகளோ, அதில் ஒன்று குறைத்தால் சொந்த மைதான ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். லீக்கின் மேல்மட்டமான முதல் பிரிவில் நெடுங்காலம் 22 அணிகள், ஆகவே 21 சீட்டு. 1987-88ல் 21 அணிகள், 20 சீட்டு. 1988-89 முதல் 1990-91 வரை 20 அணிகள், 19 சீட்டு. 1991-92ல் மீண்டும் 22 ஆனது. 1992ல் அதன் இடத்தில் பிரீமியர் லீக் தொடங்கியபோதும் 22 அணிகள்தான். 1995-96ல்தான் இன்றைய 20 அணிகளும் 19 சொந்த ஆட்டங்களும் வந்தன. ஆக, மேல் பிரிவில் 23 வர அந்தக் காலத்தில் வழியே இல்லை. உங்கள் கையில் இருப்பது வெஸ்ட் ஹாம் கீழே இறங்கி ஆடிய ஆண்டின் புத்தகம்.

வெஸ்ட் ஹாம் 1978 முதல் 1981 வரையும் இரண்டாம் பிரிவில் இருந்தது. ஆனால் அப்போது அந்தப் பிரிவிலும் 22 அணிகளே என்பதால் அந்த மூன்று ஆண்டுகளைத் தள்ளிவிடலாம். இருபதாம் நூற்றாண்டில், 24 அணிகள் இருந்த பிரிவில் அது ஆடியது 1989-90, 1990-91, 1992-93 ஆகிய மூன்று சீசன்களில். பிறகு 2003-04, 2004-05, 2011-12லும் அப்படி ஆடியது. புத்தகம் அவ்வளவு புதிதாக இல்லை என்றால் உங்களுடையது முதல் மூன்றில் ஒன்று.

இனி எழுத்துப் போட்ட சீட்டுகளைப் பாருங்கள். தோற்றால் வெளியேறும் கோப்பை ஆட்டம், அது சமனானால் நடக்கும் மறு ஆட்டம், முன்கூட்டித் திட்டமிடாத ஆட்டம் ஆகியவற்றுக்காகக் கிளப்புகள் இப்படி உபரிச் சீட்டுகள் வைத்தன. எந்தச் சீட்டு எந்த ஆட்டத்துக்கு என்பதை மேட்ச் புரோகிராமிலும் (ஆட்டத்தன்று மைதானத்தில் விற்கும் சிறு புத்தகம்) உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பைக் கவனிக்காமல் தவறான சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் வாசலில் சச்சரவுதான். 1989-90ல் வெஸ்ட் ஹாம் லீக் கோப்பை அரையிறுதி வரை போனது, 1990-91ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போனது. உபரிச் சீட்டுகள் நிறையக் கிழிபட்டிருந்தால் இவ்விரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டுதான் போயிருக்கிறது என்றால் 1992-93ஐ நினைக்கலாம். இது ஊகம்தான், முடிவல்ல: குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த பையனின் புத்தகத்திலும் சீட்டுகள் மிஞ்சியிருக்கும்.

அதே புத்தகத்தை லேமினேட் செய்து வைக்கலாமா? (அதே வாசகி)

வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் தாளில் ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. செலோடேப்பும் ஆகாது, சில ஆண்டுகளில் மஞ்சள் கறை இறங்கிவிடும். அமிலமில்லாத தாளில் சுற்றியோ பாலியெஸ்டர் உறையில் போட்டோ, படுக்கை வாட்டில் வையுங்கள். பி.வி.சி. உறை கூடாது, அதிலிருந்து கசியும் பொருள் அச்சு மையை இழுத்துக்கொள்ளும். பரண் மிக மோசமான இடம்: கோடையில் வேகும், குளிர்காலத்தில் ஈரம் கோக்கும். வீட்டுக்குள் ஓர் அலமாரி போதும். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள், கூடவே தாளும் வரும். இரண்டு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொண்டால் அடிக்கடி புரட்ட வேண்டியிருக்காது. வேண்டாம் என்று தோன்றினால் குப்பையில் போடாமல் நியூஹாம் உள்ளாட்சியின் ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள். வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க் மைதானமே 2016ல் மூடப்பட்டு வீடுகளாகிவிட்டது. மிச்சம் இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

1960களில் நடக்கும் ஒரு கதையை மொழிபெயர்க்கிறேன். அப்பா எட்டு வயது மகனைச் சுழல்கதவுக்கு மேலே தூக்கி உள்ளே விடுகிறார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. இது நடக்கக்கூடியதா? உள்ளே போன பையன் எப்படி ஆட்டத்தைப் பார்த்திருப்பான்? (வாசகர், கோயம்புத்தூர்)

நடந்தது மட்டுமல்ல, எல்லா ஊரிலும் சர்வசாதாரணம். அந்தக் காலத்துச் சுழல்கதவு கனத்த வார்ப்பிரும்பு. ஒருவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அகலம்தான். உள்ளே கூண்டில் இருப்பவர் காசு வாங்கிக்கொண்டு, காலால் மிதியை அழுத்தினால் பூட்டு விடுபடும்; கதவு கால்வட்டம் சுற்றி மறுபடி பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் கருவியில் ஓர் எண் ஏறும். மாலையில் அந்த எண்ணோடு கல்லாக் காசு ஒத்துப்போக வேண்டும். மேலே தூக்கிவிடப்பட்ட பையனுக்காகக் கதவு சுற்றவில்லை, எண்ணும் ஏறவில்லை, கணக்கும் பிசகவில்லை. காவலாளி பேசாமல் இருந்ததற்குக் கருணையைவிட இதுதான் காரணம். இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கிளப்புக்கே தெரியாது.

பையன் எங்கே நின்றிருப்பான் என்பதற்கு மூன்று வழிகள். ஒன்று, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி முன்னே அனுப்பிவிடுவார்கள். வேலிச் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பான். இரண்டு, நின்று பார்க்கும் கேலரிப் படியில் குறுக்கே நட்ட இரும்புத் தடுப்பின் முன்னால் அப்பா அவனை நிறுத்திக்கொள்வார். தடுப்புக்குப் *பின்னால்* நிற்பவர்மேல் கூட்டம் சரியும்போது கம்பி நெஞ்சில் அழுந்தும். முன்னால் நிற்பவருக்கு அந்தத் தள்ளல் தடுப்போடு நின்றுவிடும். மொழிபெயர்ப்பில் இந்த முன்-பின் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, வீட்டிலிருந்து பால் பாட்டில் வைக்கும் பெட்டியோ சின்ன மர முக்காலியோ தூக்கிக்கொண்டு போவது. சீக்கிரமே போய் இடம் பிடித்தால்தான் அதற்குப் பயனுண்டு.

லிவர்பூலில் பெரியவர்கள் துணையில்லாமல் வரும் பையன்களுக்குக் 'கோப்' என்று அழைக்கப்பட்ட, கோலுக்குப் பின்னாலிருந்த கேலரியின் மூலையில் கம்பி அடைத்த தனி இடமே இருந்தது. கட்டணம் குறைவு, உள்ளே கைகலப்பு அதிகம். அங்கிருந்து கம்பி ஏறிப் பெரியவர்கள் பக்கம் குதிப்பதுதான் அந்த வயதுச் சாகசம்.

கையில் காசே இல்லாத பையன்களுக்கும் ஒரு வழி இருந்தது. ஆட்டம் முடியக் கால் மணி, இருபது நிமிடம் இருக்கும்போது வெளியேறும் பெரிய கதவுகளைத் திறந்துவிடுவார்கள். அப்போது உள்ளே நுழைந்தால் கடைசிப் பகுதி இலவசம்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஆங்கிலேயப் பெரியவர் ஒருவரின் இளமை நினைவுகளை எழுதித் தருகிறேன். 1972ல் ஒரு ஞாயிறு மதியம் ஆட்டம் பார்த்தேன், நடுவர் சிவப்பு அட்டை காட்டினார் என்கிறார். இணையத்தில் தேடினால் கிடைக்கவில்லை. ஐயா பொய் சொல்பவர் அல்ல. (வாசகர், டொராண்டோ)

பொய் அல்ல, இரண்டு மூன்று ஆட்டங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் இப்படித்தான் ஆகிறது. குறிப்பாக, ஒரே கேலரியில் ஒரே இடத்தில் நின்று பார்த்த சீசன் டிக்கெட்காரர்களுக்கு. இடம் மாறாததால் ஆட்டங்களைப் பிரித்துக் காட்ட மனத்துக்கு அடையாளம் இல்லை.

சரிபார்க்க ஆட்ட விதிகளையே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் ஞாயிற்றுக்கிழமை ஆடத் தொடங்கியது 1974 ஜனவரியில். எரிசக்தி நெருக்கடியால் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் என்ற காலம் அது. ஒளிவிளக்குகளுக்குத் தடை இருந்ததால் வார நாள்களில் மதியத்திலேயே ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் வாங்கப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இடம் தரவில்லை. எனவே அனுமதி இலவசம் என்று சொல்லிவிட்டு, டிக்கெட் விலைக்குப் புரோகிராம் விற்றார்கள்! பெரியவருக்கு அந்த விசித்திரம் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஞாயிறு உண்மை, ஆண்டு 1974.

சிவப்பு அட்டை இங்கிலாந்து லீக்கில் வந்தது 1976 அக்டோபரில். பிறகு 1981ல் அட்டைகளையே எடுத்துவிட்டு 1987ல்தான் மீண்டும் கொண்டுவந்தார்கள். இடையில் நடுவர் கையை நீட்டி வெளியே அனுப்புவதோடு சரி. இதே போல் வேறு சில கொக்கிகளும் உண்டு. மாற்று ஆட்டக்காரர் இறங்கினார் என்றால் 1965-66க்கு முன்பாக இருக்க முடியாது. லீக் ஆட்டத்தில் இரண்டாவது மாற்று ஆட்டக்காரர் என்றால் 1987-88 முதல். வெற்றிக்கு மூன்று புள்ளி என்று கணக்குப் போட்ட நினைவென்றால் 1981-82 முதல். அதற்கு முன் இரண்டுதான். முதுகில் ஆட்டக்காரர் பெயர் இருந்த சட்டை, பிரீமியர் லீக்கில் 1993-94 முதல்.

கேட்கும்போது 'எந்த ஆண்டு?' என்று தொடங்காதீர்கள். ஆண்டுதான் முதலில் தவறாக வரும். யாரோடு போனார், எந்த முனையில் கோல் விழுந்தது, மழையா, வீடு திரும்பும்போது இருட்டா என்று கேளுங்கள். எதிரணிப் பெயர் ஒன்று உறுதியானால் மீதியைப் பழைய செய்தித்தாளில் பிடித்துவிடலாம்.

பழைய புகைப்படங்களில் மைதான ஓரத்துப் பலகையில் ஏ, பி, சி என்று எழுத்துகளும் அருகில் எண்களும் தெரிகின்றன. என்ன அது? (வாசகர், யாழ்ப்பாணம்)

மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் இடைவேளை நிலவரம். 'ஏ' என்றால் எந்த ஆட்டம் என்ற குறிப்பு புரோகிராமில் மட்டுமே இருக்கும். அதாவது புரோகிராம் வாங்காதவனுக்குப் பலகை வெறும் அரிச்சுவடி. நல்ல வியாபாரத் தந்திரம். டிரான்சிஸ்டர் ரேடியோ பரவியதும் பலகைக்கு வேலை குறைந்தது.

புரோகிராமில் மூலையில் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்களே, ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

டோக்கன். ஒவ்வொரு சொந்த ஆட்டப் புரோகிராமிலும் எண் போட்ட ஒரு டோக்கன் அச்சிட்டிருக்கும். அதை வெட்டித் தனித்தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்தால், கோப்பை இறுதி போன்ற பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் தகுதி கிடைக்கும். ஒன்று விட்டுப்போனால் பள்ளிக்கூடத்தில் பண்டமாற்றுதான். வெட்டுப்பட்ட புரோகிராமுக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை குறைவு. வாங்கும்முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

நின்று பார்ப்பதை ஏன் நிறுத்தினார்கள்? (வாசகி, மதுரை)

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பி வேலி அடைத்த நிற்கும் கேலரியில் நெரிசல். லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். பலர் சிறுவர்கள், இளைஞர்கள். நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. அதன்படி மேல் பிரிவு மைதானங்கள் 1994 ஆகஸ்டுக்குள் முழுக்க இருக்கைகளாயின. லிவர்பூலின் கோப் கேலரியில் கடைசியாக நின்று பார்த்தது 1994 ஏப்ரல் 30, நாரிச் அணிக்கு எதிராக. 2022 முதல், ஒவ்வோர் இருக்கை வரிசைக்கும் கம்பி வைத்து, உரிமம் பெற்ற பகுதிகளில் நின்று பார்க்க மீண்டும் அனுமதி உண்டு.

லண்டனில் குடியேறியிருக்கிறோம். எட்டு வயது மகளுக்கும் எனக்கும் சீசன் டிக்கெட் வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், ஹாரோ)

முதலில் எந்தப் பகுதி என்பது. கோலுக்குப் பின்னால் விலை மலிவாக இருக்கும். ஆனால் அங்கே பெரியவர்கள் இருக்கை இருந்தும் எழுந்தே நிற்பார்கள். எட்டு வயதுக் குழந்தை பத்தொன்பது ஆட்டமும் முன்னால் நிற்பவரின் கோட்டைத்தான் பார்க்கும். குடும்பப் பகுதியைக் கேளுங்கள். அங்கேயும் முதல் சில வரிசை வேண்டாம், மழை நேராக அடிக்கும்.

பெரும்பாலான பெரிய கிளப்புகளில் காத்திருப்போர் பட்டியல் நீளம். உங்கள் பெயரோடு மகள் பெயரையும் இன்றே தனித்தனியாகப் பதிந்துவிடுங்கள். சிறுவர் சலுகை எல்லாப் பகுதியிலும் கிடைக்காது, வயது வரம்பும் கிளப்புக்குக் கிளப் மாறும். எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வாரத்தில் அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிடலாம்.

கட்டணம் 19 லீக் ஆட்டத்துக்குத்தான் என்றால் கோப்பை ஆட்டத்துக்குத் தனிப்பணம். 'தானாகக் கோப்பை டிக்கெட்' என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டு மறந்தால், செவ்வாய் இரவு ஆட்டத்துக்கும் கார்டில் பணம் பிடித்துவிடுவார்கள். பள்ளி நாளில் அவள் வீடு வந்து சேரப் பதினொரு மணி ஆகும்.

மகள் வராத நாளில் அவள் டிக்கெட்டில் உங்கள் நண்பர் நுழையப் பார்த்தால் மாட்டிக்கொள்வார். பல மைதானங்களில் சலுகை டிக்கெட்டுக்குக் கதவில் வேறு நிற விளக்கு எரியும். முன்கூட்டியே கிளப் தளத்தில் பெரியவர் கட்டணத்துக்கு மாற்றி, மிச்சப் பணத்தைக் கட்ட வேண்டும். வெளியாருக்கு விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; கிளப்பின் அதிகாரப்பூர்வ மறுவிற்பனை வழியாக மட்டும் கொடுங்கள். வராமலும் கொடுக்காமலும் இருக்கையைக் காலியாக விட்டால் சில கிளப்புகள் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுக்கின்றன.

ஜூனில் வரும் அட்டவணையை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். தொலைக்காட்சிக்காகச் சனி ஆட்டம் ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறும். போன் வழி டிக்கெட் என்றால் வீட்டிலேயே வாலட்டில் இறக்கிவிடுங்கள், மைதான வாசலில் சிக்னல் கிடைக்காது. பை ஏ4 அளவுக்குள் இருக்கட்டும். ஜனவரியில் குளிர் கான்கிரீட்டிலிருந்து காலில் ஏறும்: இரண்டு சாக்ஸ், பாதத்தின் கீழே ஓர் அட்டைத்துண்டு. சத்தம் தாங்காத குழந்தைக்குக் காதுக் கவசம்.

அரங்கில் வரிசை வரிசையாகக் காலி இருக்கை தெரிகிறது, ஆனால் வருகை நிரம்பியதாக அறிவிக்கிறார்களே? (வாசகர், திருச்சி)

இப்போது பல கிளப்புகள் அறிவிப்பது விற்ற டிக்கெட் எண்ணிக்கை. சீசன் டிக்கெட்காரர் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாலும் அந்தக் கணக்கில் அவர் வந்துவிட்டார்.